ஹுட் காற்றைப் பழைய கரியடுப்புப் புகைபோக்கி வழியே விடலாமா?

பாட்டி_வீடு · 3 ஜூன் 2023, இரவு 7:40

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தரைத்தளம் மட்டும் உள்ள பழைய சிவப்புச் செங்கல் வீடு. சமையலறையில் வெல்கம் டோவர் கரியடுப்பு இருந்த இடத்தில் இப்போது கேஸ் ஹாப் (பதித்த கேஸ் அடுப்பு). அதற்கு மேலே புகைபோக்கி அப்படியே இருக்கிறது, அடியில் மட்டும் பலகை அடித்து மூடியிருக்கிறது. அடுப்பின் ஆவியை ஃபேனால் இழுக்கும் ஹுட் ஒன்று மாட்டி அதன் குழாயை இந்தப் பொந்துக்குள் விட்டுவிட்டால் சுவரை உடைக்க வேண்டாம், வெளியே குழாயும் தெரியாது. துணி உலர்த்தும் டிரையரும் பக்கத்தில்தான் இருக்கிறது, அதன் காற்றையும் சேர்த்துவிடலாம். கரிப்புகையையே தாங்கின புகைபோக்கிக்குத் தாளிப்பு ஆவி எம்மாத்திரம்?

செங்கல்சூளை · 3 ஜூன், இரவு 9:15

தாங்காது. கரியடுப்பு எரியும்போது புகை 150, 200 டிகிரியில் மேலேறும். செங்கல் சூடாக இருக்கும், நீர் கோக்காது. சூட்டினால் புகைபோக்கி தானே இழுக்கும், உள்ளே அழுத்தம் வீட்டைவிடக் குறைவு. சாந்தில் விரிசல் இருந்தாலும் வீட்டுக் காற்று உள்ளே போகுமே தவிர, புகை வெளியே வராது.

ஹுட் இதற்கு நேர் எதிர். 30, 35 டிகிரி ஈரக்காற்றை ஃபேன் கீழிருந்து தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் கூடுதல், விரிசல் இருக்கும் இடமெல்லாம் வெளியே கசியும். இங்கே குளிர்காலமான ஜூலையில், இரவில் மேல் பாதிச் செங்கல் 10 டிகிரிக்குக் கீழே நிற்கும். ஆவி அதில் பட்டதும் தண்ணீர். அந்தத் தண்ணீர் பழைய புகைக்கரியைக் கரைத்து, சல்பேட், குளோரைடு உப்புகளோடு செங்கலுக்குள் இறங்கும். படுக்கையறைச் சுவரில் தேயிலைச் சாயம் மாதிரி கறை வரும். பெயிண்ட் அடித்தால் மறுபடி வரும். அந்த உப்பு மழைக்காலத்தில் காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். பூச்சை உரித்து எடுத்தால்தான் போகும்.

எண்ணெய்ப் பிசுக்கு வேறு. கரி படிந்த சுவரில் எண்ணெய் படிந்தால் அது விளக்குத் திரி.

புகைபோக்கியைக் குழாயாக நினைக்காதீர்கள். குழாய் போகும் வழி, அவ்வளவுதான். உள்ளே தனிக்குழாய் இறக்கினால் உங்கள் யோசனை நல்ல யோசனை.

காற்றுக்கணக்கு (ஜோபர்க், அதாவது ஜோஹன்னஸ்பர்க்) · 4 ஜூன், காலை 6:50

சூளை அண்ணா சொன்னதற்கு எண்கள். நம் ஊர் ஸ்டாக் செங்கல் 222 × 106 × 73 மி.மீ. ஒரு செங்கல் சதுரப் பொந்து என்றால் பெயருக்கு 230 × 230. உள்பூச்சு போக 205 வாக்கில் நிற்கும்.

சமையலறை 4 × 3.5 மீட்டர், பழைய வீட்டு உயரம் 3.2 என்று வைத்தால் கொள்ளளவு 45 கன மீட்டர். மணிக்கு 10 தடவை காற்று மாற வேண்டுமென்றால் 450 கன மீட்டர். இதை வெறும் பொந்தில் விட்டால் வேகம் நொடிக்கு 3 மீட்டர்தான். மெதுவாகப் போகும், வழியில் ஆறும், பிசுக்கை இறக்கி வைத்துவிட்டுப் போகும். 150 மி.மீ. குழாயில் 7 மீட்டர், சரியான வேகம். 125-ல் 10 மீட்டர், இரைச்சல். 100-ல் 16, பேச்சே கேட்காது.

ஹுட் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். பல பெட்டிகளில் இருப்பது குழாயே இல்லாமல் ஊதும் அளவு. 6 மீட்டர் வளையும் லைனர் (புகைபோக்கிக்குள் இறக்கும் தனிக்குழாய்), இரண்டு முழங்கை, மேலே தொப்பி எல்லாம் சேர்ந்தால் 100 முதல் 130 பாஸ்கல் எதிர்ப்பு (பாஸ்கல் என்பது அழுத்த அலகு). அந்த அழுத்தத்தில் எவ்வளவு தள்ளும் என்று வரைபடம் கேளுங்கள். ஜன்னலில் மாட்டும் இலை ஃபேன் 50 பாஸ்கலைத் தாண்டாது, சுற்றும், காற்று போகாது.

பாட்டி_வீடு · 4 ஜூன், காலை 8:05

டிரையர்? அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே.

கடலோரத்_தகடு (டர்பன்) · 4 ஜூன், காலை 11:30

அக்கா, டிரையரை இதோடு சேர்க்கவே கூடாது. ஒரு தடவை ஓட்டினால் 2 முதல் 4 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும், கூடவே பஞ்சுத்தூசி. எண்ணெய்ப் பிசுக்கில் பஞ்சு ஒட்டினால் என்ன ஆகும் என்று அண்ணா சொன்ன விளக்குத் திரியே சொல்லும். இரண்டு ஃபேன் ஒரே குழாயில் என்றால் வலுவானது மற்றதன் வழியே திருப்பித் தள்ளும். துவைத்த துணியில் மீன் வறுவல் வாசனை.

டிரையருக்கு மிகக் குட்டையான வழி வெளிச்சுவர். 230 சுவரில் 110 மி.மீ. கோர் துளை, 100 மி.மீ. வழவழப்பான தகட்டுக் குழாய், வெளியே லேசாகத் திறக்கும் மூடி. சல்லடை போடக் கூடாது, ஒரு மாதத்தில் பஞ்சு அடைத்துவிடும். மூட்டில் ஸ்க்ரூ அடிக்கக் கூடாது, அதன் முனையில் பஞ்சு மாட்டும். அலுமினிய நாடா சுற்றினால் போதும். அதுவும் முடியாதென்றால் கண்டென்சர் டிரையர், தண்ணீர் டப்பாவில் சேரும்.

கடலோரத்_தகடு · 4 ஜூன், காலை 11:52

விட்டுப்போனது. குழாய் மூட்டு எந்தப் பக்கம் என்று எப்போதும் சண்டை. நிமிர்ந்து போகும் ஹுட் குழாயில் மேல் துண்டின் ஒடுங்கிய முனை கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் வழியும் நீரும் எண்ணெயும் உள்ளேயே இறங்கும், மூட்டில் வெளியே வராது. டிரையர் குழாயில் தலைகீழ்: காற்று போகும் திசையில் நுழைய வேண்டும், இல்லையென்றால் விளிம்பில் பஞ்சு தங்கும். டிரையரைப் புகைபோக்கியில் நிமிர்த்தி ஏற்றினால் இரண்டு விதியும் மோதும்.

செங்கல்சூளை · 4 ஜூன், மாலை 5:20

அதனால்தான் புகைபோக்கிக்குள் மூட்டே இல்லாத ஒரே துண்டு லைனர். இரட்டைத் தோல் ஸ்டெயின்லெஸ், உள்பக்கம் வழவழப்பு. வெளியே அம்புக்குறி இருக்கும், அது எந்தத் திசையைக் காட்டுகிறது என்று தயாரிப்பாளர் குறிப்பைப் பார்த்து இறக்க வேண்டும். அலுமினியச் சுருள் குழாய் வேண்டவே வேண்டாம்: மடிப்பில் எண்ணெய் தேங்கும், கழுவ முடியாது, தீ பிடித்தால் உருகும்.

லைனர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை.

முதலில் சீலிங் கதவைத் திறந்து டார்ச்சோடு ஏறுங்கள். பழைய வீடுகளில் கூரை மாற்றும்போது புகைபோக்கியின் தலையை வெட்டிவிட்டு மேலே தகடு போட்டுவிடுவார்கள். கீழே பார்த்தால் புகைபோக்கி, மேலே அது கூரைக்குள்ளேயே முடிந்திருக்கும். அதில் ஹுட்டை விட்டால் சீலிங் முழுக்க எண்ணெய் ஆவி. வெளியிலிருந்து எண்ணுங்கள், உள்ளே எத்தனை அடுப்பு, மேலே எத்தனை பானை (புகைபோக்கி உச்சியில் நிற்கும் மண் குழாய்) என்று.

அப்புறம் துடைப்பு. மேலிருந்து கீழாகப் பிரஷ், இரண்டு முறை. தூசி தடுக்கும் எஃப்.எஃப்.பி.2 முகமூடி, அடுப்பு வாயில் பாலித்தீன் தாள். புகைக்கரியில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், அமிலக் குழம்பு.

துடைத்த பிறகு 180 மி.மீ. மரவட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்குங்கள். அது சிக்காமல் இறங்கினால் 150 லைனர் இறங்கும். சிக்கினால் கயிற்றில் அளந்து எந்த உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பிதுங்கிய சாந்து, சில சமயம் வளைவு. சாந்தைத் தட்டிவிடலாம். வளைவு கடுமையாக இருந்தால் 125-க்கு இறங்க வேண்டி வரும், அப்போது ஹுட்டின் வேகத்தையும் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

புகைச் சோதனை கடைசி. அடுப்பு வாயைக் கொஞ்சம் சூடாக்கி, புகை மாத்திரை கொளுத்தி, மேலே புகை வந்ததும் பானை வாயை மூடி, கீழேயும் பலகை வைத்து அடையுங்கள். பிறகு வீடு முழுக்க ஓர் ஆள் நடக்க வேண்டும்: மற்ற அறை ஃபயர்பிளேஸ், ஸ்கர்டிங் (சுவரடிப் பலகை) ஓரம், சீலிங், ஒட்டு வீடென்றால் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள். ஒரே தூணில் இரண்டு மூன்று பொந்து இருந்தால் நடுவில் அரைச் செங்கல் தடுப்புதான், 106 மி.மீ. அதன் சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்திருந்தால் உங்கள் ஹுட் காற்று அடுத்த அறையில் வரும்.

செங்கல்சூளை · 4 ஜூன், மாலை 5:31

பழைய குழாய் எதுவாவது சாம்பல் நிறத்தில், சிமெண்ட் மாதிரி இருந்தால் கை வைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கலாம். 2008-ல் தடை வந்தது, ஆனால் வீடுகளில் இருந்தது இன்னும் இருக்கிறது. அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ கூடாது, பதிவுபெற்ற ஆள்தான் எடுக்க வேண்டும்.

மேட்டுக்குடி (பெனோனி) · 5 ஜூன், இரவு 8:22

ஜோபர்க் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். 1,700 மீட்டர் உயரம், காற்று ஐந்தில் ஒரு பங்கு மெல்லியது. அதனால் ஃபேன் 20 சதவீதம் பெரிதாக வாங்க வேண்டும்.

காற்றுக்கணக்கு · 5 ஜூன், இரவு 9:04

வேண்டாம் தம்பி. காற்று மெலிந்தால் ஃபேன் கொடுக்கும் அழுத்தம் குறையும், அது சரி. குழாயின் எதிர்ப்பும் அதே விகிதத்தில் குறையும். இரண்டும் சேர்ந்து இறங்குவதால் மணிக்குப் போகும் கன மீட்டர் கிட்டத்தட்ட அதேதான். ஹுட்டுக்கு நமக்கு வேண்டியது கன அளவு. மாறுவது இரண்டு: மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று மெலிவதால் மோட்டார் சற்று அதிகமாகச் சூடாகும், ஃபேன் இல்லாத இயற்கை இழுப்பு பலவீனமாகும். பணத்தைப் பெரிய ஃபேனில் போடாமல் வழவழப்பான குழாயில் போடுங்கள்.

மேட்டுக்குடி · 5 ஜூன், இரவு 9:10

கடைக்காரர் பெரியதை விற்கப் பார்த்ததன் காரணம் புரிந்தது.

காற்றுக்கணக்கு · 6 ஜூன், காலை 6:15

இயற்கை இழுப்பு என்றதும் மாரிட்ஸ்பர்க் ஞாபகம் வந்தது. உங்கள் ஊரில் பெர்க் காற்று உண்டு. குளிர்காலத்தில், குளிர் முகப்பு வரும் முன்னால், உள்நாட்டிலிருந்து இறங்கும் சுடு காற்று.

6 மீட்டர் புகைபோக்கி, வீட்டுக்குள் 18 டிகிரி, வெளியே 6 டிகிரி என்றால் மேல்நோக்கி சுமார் 3 பாஸ்கல் இழுக்கும். பெர்க் காற்று நாளில் வெளியே 32, செங்கல் வீட்டுக்குள் இன்னும் அதே 18. இப்போது கணக்கு அப்படியே திரும்பி, கீழ்நோக்கி 3 பாஸ்கல். புகைபோக்கி வீட்டுக்குள் ஊதும். பழைய கரி வாசனை அன்றைக்கு மட்டும் ஏன் வருகிறது என்று குழம்புவார்கள், காரணம் இதுதான். ஹுட் வாயில் திரும்புகாற்று மூடி இல்லாவிட்டால் லைனர் வழியாகவும் இதே கதை.

ஓடும் ஃபேனுக்கு 3 பாஸ்கல் ஒன்றுமில்லை. லோட்ஷெடிங்கில் ஃபேன் நின்று, கேஸ் மட்டும் எரியும்போதுதான் தெரியும். மின்சாரம் இல்லாமல் சமைத்தால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

செங்கல்சூளை · 6 ஜூன், மாலை 6:40

பெர்க் காற்று விஷயம் முக்கியம். ஆனால் அதைவிட ஆபத்தானது ஹுட் வீட்டிலிருந்து இழுக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்பது. மணிக்கு 450 கன மீட்டர் வெளியே போனால் அதே அளவு உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் கதவெல்லாம் அடைத்திருந்தால் அது எளிய வழி தேடும்: வரவேற்பறை ஃபயர்பிளேஸ், புகைக்குழாய் வைத்த கேஸ் கீசர், பலகைத் தரையின் அடிப்பக்கம். ஃபயர்பிளேஸில் தணல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும், அதற்கு வாசனையும் கிடையாது.

90 செ.மீ. அகல ஜன்னலை 14 செ.மீ. திறந்தால் 450-க்குப் போதும். காற்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும், வீட்டில் 2 பாஸ்கல்கூடக் குறையாது. இயற்கை இழுப்பில் வேலை செய்யும் கீசரும் ஃபயர்பிளேஸும் உள்ள வீட்டில் 4 பாஸ்கலைத் தாண்டவே விடக் கூடாது.

சோதனை சுலபம். குளிர்ந்த ஃபயர்பிளேஸ் வாயில் சாம்பிராணி புகையுங்கள். எல்லாக் கதவையும் ஜன்னலையும் சாத்தி, ஹுட்டை முழு வேகத்தில் போடுங்கள். புகை புகைபோக்கிக்குள் போனால் அந்த நேரத்துக்குத் தப்பித்தீர்கள். முகத்துக்கு வந்தால், அந்த ஹுட்டும் அந்த நெருப்பும் ஒரே நேரத்தில் கூடாது. ஜன்னல் திறந்தால் மட்டும் ஹுட் ஓடும்படி காந்த சுவிட்ச் ஒன்று வைத்து எலக்ட்ரீஷியன் இணைத்துத் தருவார். அலாரம் எப்படியும் வேண்டும், அது இதற்கெல்லாம் மாற்று அல்ல.

பாட்டி_வீடு · 6 ஜூன், இரவு 8:00

பிராய் (நெருப்பில் இறைச்சி சுடும்) அறையின் புகைபோக்கியோடு ஹுட்டைச் சேர்த்திருக்கும் வீடு ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். அவர்களுக்கும் இதே பதில்தானா?

செங்கல்சூளை · 6 ஜூன், இரவு 8:09

இதே பதில், இன்னும் உரக்க. எரியும் எதனோடும் ஹுட் சேரக் கூடாது. பிராய்ப் பொறி ஒன்று எண்ணெய் படிந்த குழாயில் விழும் வரைதான் 'ஒன்றும் ஆகவில்லை'. நாளைக்கே பிரிக்கச் சொல்லுங்கள்.

கடலோரத்_தகடு · 7 ஜூன், மதியம் 1:15

தொப்பி பற்றி யாரும் எழுதவில்லை. நாலு பக்கமும் திறந்த தகட்டுத் தொப்பி, திறப்பு குழாயின் பரப்பைவிடக் குறையாமல். 10 அல்லது 12 மி.மீ. கண் வலை, கொசுவலை போட்டால் எண்ணெய் அடைக்கும். சுழலும் தொப்பி ஹுட்டுக்கு வேண்டாம், பேரிங்கில் பிசுக்கு ஏறி ஒரு நாள் நின்றுவிடும். டர்பன் கடலோரத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ். மாரிட்ஸ்பர்க்கில் 304 போதும். கால்வனைஸ் தகடு உப்புக்காற்றில் சீக்கிரம் துரு.

வலை ஏன் வேண்டும்? மைனா. திறந்த பானை கண்டால் ஒரே வாரத்தில் வைக்கோலும் சாக்லேட் தாளுமாக அடைத்துவிடும். தேனீக் கூட்டம் இருந்தால் புகை போட்டு விரட்டாமல் தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள். செத்த கூட்டின் தேன் உருகிச் சுவரில் வழியும். குரங்கு உள்ள தெருவில் தொப்பியை நாலு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டுப் பிடியுங்கள். சும்மா செருகி வைத்த தொப்பி பக்கத்து வீட்டுக் கூரையில் கிடக்கும்.

மேட்டுக்குடி · 7 ஜூன், மதியம் 2:30

குரங்குக்கு எத்தனை பாஸ்கல் அண்ணா?

பாட்டி_வீடு · 17 ஜூன், மாலை 4:45

துடைத்து, புகைச் சோதனை செய்தாயிற்று. மரவட்டு முழுக்க இறங்கியது. புகை படுக்கையறை ஃபயர்பிளேஸில் வந்தது, நடு உயரத்தில் சீலிங் ஓரத்திலும் மெல்லியதாக. அப்படியானால் லைனர்தான். சுற்றிலும் இன்சுலேஷன் வேண்டுமா? 25 மி.மீ. கம்பளி சுற்றச் சொல்கிறார்கள்.

செங்கல்சூளை · 17 ஜூன், இரவு 7:30

150 குழாயில் 25 கம்பளி இரண்டு பக்கமும் சுற்றினால் 200. உங்கள் பொந்து 205. பாதி வழியில் கிழிந்து சிக்கிக்கொள்ளும். லைனரை வெறுமனே இறக்கி, சுற்றிலும் உலர்ந்த வெர்மிகுலைட் கொட்டுங்கள். நம் பலபோர்வா சுரங்கத்துச் சரக்கு, தோட்டக் கடையிலும் கிடைக்கும். 6 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 145 லிட்டர். 100 லிட்டர் மூட்டை இரண்டு வாங்குங்கள். அடியில் அது கொட்டாமல் தாங்க, குழாய் நுழையும் துளையோடு ஒரு தகடு வேண்டும்.

காற்றுக்கணக்கு · 17 ஜூன், இரவு 8:12

எனக்கு உடன்பாடில்லை. மேலே மூடும் தகட்டில் ஒரு கசிவு வந்தால் வெர்மிகுலைட் ஈரப் பொதி ஆகி, இரண்டு வருடம் காயாது. கசிவு இருப்பதே சுவர் கறை படிந்த பிறகுதான் தெரியும். ஹுட் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடும் வீட்டில், வெளிச்சுவரில் இல்லாத புகைபோக்கியில், வெறும் லைனரும் சுற்றிலும் காற்று இடைவெளியும் போதும். கீழே ஒன்று, மேலே ஒன்று சின்னக் காற்றுத் துளை வைத்தால் பழைய செங்கலும் உலரும். லைனருக்குள் கொஞ்சம் வியர்க்கும், அதற்குத்தான் அடியில் வடிகால்.

செங்கல்சூளை · 18 ஜூன், காலை 7:05

இரவு யோசித்துப் பார்த்தேன். புகைபோக்கி வீட்டின் நடுவில் இருந்தால் காற்றுக்கணக்கு சொல்வது சரி. வெளிச்சுவர் என்றால், மூன்று பக்கம் குளிர், வெர்மிகுலைட்தான். அக்கா, உங்களுடையது எது?

பாட்டி_வீடு · 18 ஜூன், காலை 7:20

நடுவில். படுக்கையறையும் சமையலறையும் முதுகோடு முதுகு.

செங்கல்சூளை · 18 ஜூன், காலை 7:48

அப்படியானால் வெறும் லைனர். ஆனால் கீழ்க் காற்றுத் துளையைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள், ஆவி உள்ளே ஏறும். படுக்கையறைப் பக்கம், வலை போட்டு. அந்த ஃபயர்பிளேஸை இனி எரிக்கக் கூடாது, தடுப்பு உதிர்ந்துவிட்டது.

லைனரின் அடியில் டி-துண்டு (T வடிவ மூவாய்க் குழாய்). பக்க வாயில் ஹுட் குழாய், கீழ் வாயில் திறக்கக்கூடிய மூடி, மூடியில் சின்ன வடிகால் குழாய், அதில் வளைவுப் பொறி (நீர் நின்று காற்றை அடைக்கும் வளைந்த குழாய்). பொறியில் தண்ணீர் நிற்க வேண்டும். வெயில் நாளில் காயும், அவ்வப்போது ஒரு டம்ளர் ஊற்றுங்கள். ஹுட்டிலிருந்து டி-க்குப் போகும் படுக்கைக் குழாய் மீட்டருக்கு 20 மி.மீ. டி பக்கம் சரியட்டும். ஹுட் பக்கம் சரிந்தால் குழம்புச் சட்டியில் கருப்புத் துளி விழும். ஹுட் வாய் 150 என்றால் 150-ஆகவே கடைசி வரை போக வேண்டும், நடுவில் ஒடுக்கக் கூடாது. டி மூடியைக் கழற்றி ஆறு மாதத்துக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஹுட்டின் கம்பி வலை மாதம் ஒரு தடவை வெந்நீர், சோடா. தீபாவளிக்கு முறுக்கு சுடும் வாரத்தில் இரண்டு தடவை.

எண்ணெய் தீப்பிடித்தால் கேஸையும் ஃபேனையும் நிறுத்துங்கள்.

காற்றுக்கணக்கு · 18 ஜூன், காலை 9:30

கேஸ் ஹாப் போட்டவர் எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸில் (கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவுசெய்யும் அமைப்பு) பதிவானவரா, சி.ஓ.சி. (இணக்கச் சான்றிதழ்) கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹுட்டுக்கு முன்னால் அது.

கடலோரத்_தகடு · 18 ஜூன், காலை 10:10

இன்னொரு காகிதம். 60 வருடத்துக்கு மேற்பட்ட கட்டிடத்தை மாற்ற 1999-ம் ஆண்டு தேசிய மரபுவளச் சட்டத்தின் 34-ம் பிரிவுப்படி அனுமதி வேண்டும். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் மரபுவள அமைப்பான அமாஃபாவிடம் கேட்க வேண்டும். உள்ளே லைனர் இறக்குவது ஒன்று. மேலே தெரியும் மண் பானையை எடுத்துவிட்டுத் தகடு வைப்பது வேறு. பானைக்குள் லைனர் நுழைந்தால் பானையை விட்டு, தொப்பியை அதன் வாயிலேயே பொருத்துங்கள். பானை வாய் 160-க்குக் குறைந்தால் முதலில் அவர்களிடம் பேசிவிட்டு ஏறுங்கள்.

பாட்டி_வீடு · 18 ஜூன், மதியம் 12:25

பானை வாய் 190. வரவேற்பறைப் புகைபோக்கி தனியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதே இல்லை. அதை அடைத்துவிடவா?

காற்றுக்கணக்கு · 18 ஜூன், மதியம் 12:50

அடைக்காதீர்கள். ஆவியும் எண்ணெயும் இல்லாத வெறும் அறைக்காற்றுக்கு லைனரும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். மேலே மழை மூடி, கீழே திறந்து மூடும் ஜாலி (காற்றுத் துளைத் தட்டி). குளிர்கால இரவில் தானே இழுக்கும், செங்கலும் உலர்ந்திருக்கும். பெர்க் காற்று வீசும் நாளிலும் ஹுட் ஓடும்போதும் ஜாலியைச் சாத்திவிடுங்கள்.